கிராஃப் போட்ட கைரேகை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

சென்ற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் ஆய்வகத்துக் கதவின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, பூட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பூட்டியாச்சு, பூட்டியாச்சு, பூட்டியாச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பின்னால் வாட்ச்மேன். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அவர் மிகவும் மரியாதையாக, "சார், பூட்டு ஏதாவது பதில் சொல்லுதா?" என்றார்.

சொல்லியிருந்தால்தான் தொல்லையே இல்லையே.

விஷயம் இதுதான். பூட்டுகிறேன். இழுத்துப் பார்க்கிறேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் நடக்கிறேன். அங்கே போய் நின்றதும் ஒரு குரல். 'பூட்டினியா?' பூட்டினேன். 'இழுத்துப் பார்த்தியா?' பார்த்தேன். 'அது இன்னைக்குப் பார்த்ததா, நேத்துப் பார்த்ததா?' அவ்வளவுதான், ஆள் திரும்பி நடந்துகொண்டிருப்பேன். குரல் என்றதும் பயப்பட வேண்டாம், என் சொந்தக் குரல்தான். ஆனால் இவ்வளவு கறாராக என்னிடம் அது பேசியதே இல்லை.

பூட்டோடு நின்றிருந்தால் யாரிடமும் சொல்லாமல் பிழைப்பை ஓட்டியிருப்பேன். இப்போது வேலைக்குள்ளும் வந்துவிட்டது. என் வேலை உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மருந்துக் கிடங்குகளிலிருந்தும் வருகிற தெர்மாமீட்டர்களைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, உண்மை பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். பேசினால் பச்சைச் சீட்டு, இல்லையென்றால் சிவப்புச் சீட்டு. இத்தனை வருஷமாக ஒரு தடவை பார்ப்பேன், எழுதுவேன், அடுத்தது. இப்போது பார்க்கிறேன், எழுதுகிறேன், எழுதியதைப் பார்க்கிறேன், மறுபடி தெர்மாமீட்டரைப் பார்க்கிறேன். அதற்குள் தண்ணீர் ஆறிப்போகிறது. மேசையில் பெட்டிகள் என் தலைக்கு மேலே அடுக்கி நிற்கின்றன. மேலாளர் அவற்றைச் சுற்றி வந்துதான் என் முகத்தைப் பார்க்க முடிகிறது. அது ஒன்றுதான் ஆறுதல்.

வீட்டில் சொன்னேன். "அப்படியே நமக்குக் கல்யாணம் ஆச்சான்னும் ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க" என்றாள். ஆதரவு இப்படி இருக்கிறது.

போனில் பேசினால் ஜோக்கடித்தே தப்பித்துவிடுவேன், அதனால் எதுவானாலும் எழுதச் சொல் என்று அண்ணனிடம் சொல்லி அனுப்பினீர்களாம். எழுதிவிட்டேன். அண்ணனின் ஓய்வு விருந்தில் நான் சொன்னதற்கு இன்னும் கோபமா? சாப்பாட்டு மேசையில் நாலு பேர் சிரிக்கச் சொன்னது, அண்ணி. அதை விடுங்கள். உங்கள் உளவியல் பாடத்தில் இந்தப் பூட்டு விவகாரத்துக்கு ஏதாவது உண்டா? இல்லையென்றாலும் இருக்கிற மாதிரி எழுதுங்கள். நம்பிக்கொள்கிறேன்.

உங்கள் கொழுந்தன்


ஜனவரி 18

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. வாட்ச்மேன் வந்த இடத்தில் உங்கள் அண்ணன் சிரித்துச் சிரித்து இருமினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபத்தால் இல்லை, களைப்பு.

நீங்கள் சொன்னது என்ன என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. "அண்ணி பாடத்துக்கும் கைரேகை பார்க்கறதுக்கும் ஒரே ஒரு வித்தியாசம், இங்கே கிராஃப் போடுவாங்க." நாலு பேர் சிரித்தார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் எங்கள் கல்லூரி முதல்வர்.

வேதியியல் துறைக்கு இடம் போதவில்லை. இது பழைய கதை. போன மாதக் கூட்டத்தில் முதல்வர் என்னைப் பார்த்து, "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டு ஆளே, அதுவும் அறிவியல் வேலையில இருக்கறவரே, கைரேகைங்கறாரு. அப்புறம் நான் எப்படி உங்களுக்கு அறிவியல் கட்டடத்துல ரூம் குடுத்துட்டு வேதியியலுக்கு இல்லைன்னு சொல்றது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

மூன்றாம் மாடியில் இருக்கிற என் ஆய்வறையைக் காலி செய்துவிட்டு, கலைத்துறைக் கட்டடத்தில் வரலாற்றுத் துறையோடு ஒரு மேசையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது முன்மொழிவு. மார்ச்சில் கல்விக் குழு முடிவு செய்யும். அந்த அறையில் சத்தம் கேட்காத ஆறு சின்னத் தடுப்பறைகள் இருக்கின்றன. நானும் மாணவர்களும் பலகையும் பஞ்சும் வாங்கி நாங்களே அடித்தது. ஒருவரை அதற்குள் உட்கார வைத்தால் வெளியில் இடி விழுந்தாலும் கேட்காது. வரலாற்றுத் துறையில் எப்போதும் யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள். அங்கே போனால் நான் பாடம் நடத்தலாம், ஆராய்ச்சி செய்ய முடியாது. ஓய்வுக்கு இன்னும் சில வருடம் இருக்கிறது. அதை எப்படிக் கழிப்பது என்று தெரியவில்லை.

உங்கள் பூட்டுக்கு வருகிறேன். எனக்கு யாரையும் குணப்படுத்தத் தெரியாது. இதை இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து சொல்லிவருகிறேன், யாருக்கும் ஏறவில்லை. நான் ஞாபகத்தைப் பற்றி ஆராய்கிறவள். உங்கள் தொல்லை பலருக்கும் வருவதுதான், அதற்கு வழியும் இருக்கிறது, ஆனால் அதைச் செய்கிறவர்கள் வேறு. உங்கள் ஊரிலேயே என்னோடு படித்த ஒருத்தி ஆலோசகராக இருக்கிறாள். முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவளிடம் ஜோக் செல்லாது. படிக்கிற காலத்திலேயே செல்லாது.

போய்விட்டு எழுதுங்கள். போகாமல் எழுத வேண்டாம்.

அண்ணி


பிப்ரவரி 7

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே இத்தனை நாளும் அலைந்தேன். நான் பேசியது உங்கள் அறை வரைக்கும் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் முதல்வர் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரியும். அதனால்தான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். புது ஆள் சிரித்தால் ஒரு தனி ருசி. இதற்கு மேல் மன்னிப்பை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதிப் பார்த்த எல்லாவற்றிலும் கடைசி வரியில் ஜோக் வந்து உட்கார்ந்துகொண்டது.

போனேன். உங்கள் தோழியைப் பார்த்தேன். முதல் நாள் நான் சொன்ன வாட்ச்மேன் கதைக்கு, "சரி, அப்புறம்?" என்றார். நான் இன்னும் நன்றாக நடித்துச் சொல்லிக் காட்டினேன். "இதை முதல்லயே சொல்லிட்டீங்க" என்றார். எங்கள் ஆய்வகத்தில் ஐஸ் தொட்டி ஒன்று இருக்கிறது, அது கூட இவ்வளவு குளிர்ச்சி இல்லை.

அவர் கொடுத்த வைத்தியம் இது. ஒரு தடவை பூட்ட வேண்டும். இழுத்துப் பார்க்கக் கூடாது. பஸ் நிறுத்தத்துக்குப் போய் நிற்க வேண்டும். திரும்பிப் போக வேண்டும் என்று உள்ளே அரிக்கும். அரிக்கட்டும், போகக் கூடாது. அந்த அரிப்பு எவ்வளவு என்று அவ்வப்போது எழுத வேண்டும். அவ்வளவுதான். இதற்கா படித்தார்கள் என்று நினைத்தேன், வெளியில் சொல்லவில்லை. வேறு ஒன்றைச் சொன்னேன்.

"பூஜ்யத்திலிருந்து நூறுக்குள்ள ஒரு எண் போடுங்க" என்றார்.

"எந்த அலகுல மேடம்?"

"உங்க அலகுல."

"அதை யாரு சரிபார்த்தது?"

"யாரும் இல்லை. நீங்க எழுபதுன்னா எழுபது."

"நாளைக்குப் போடற எழுபதும் இதே எழுபதா?"

"தெரியாது. பஸ் வந்துட்டா ஏறிடுங்க, அலகைத் தேடிக்கிட்டு நிக்காதீங்க."

அண்ணி, இதைத்தான் நான் அன்றைக்கும் சொன்னேன், வாய்க்கொழுப்போடு சொன்னேன் என்பது தவிர. எங்களிடம் ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறது. மற்ற எல்லாத் தெர்மாமீட்டரையும் அதோடு ஒப்பிட்டுத்தான் குற்றம் கண்டுபிடிப்போம். அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்த மாமியாரையும் சும்மா விடுவதில்லை. வருஷா வருஷம் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்புவோம், அங்கே அவளுக்கு ஒரு மாமியார். அவளுக்கு மேலே இன்னொருத்தி. இப்படி ஒரு வரிசை இருந்தால்தான் அறிவியல். என் எழுபதுக்கு மாமியார் எங்கே?

இருந்தாலும் எழுதினேன். முதல் நாள் தொண்ணூறில் தொடங்கியது. உடம்பெல்லாம் கதவுப் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் அறுபது. வீட்டு வாசலில் நாற்பது. மறுநாள் கதவு பூட்டித்தான் இருந்தது. அது ஒரு பெரிய ஏமாற்றமாகக் கூட இருந்தது. இரண்டாவது வாரம் எண்பதில் தொடங்கி நிறுத்தத்திலேயே முப்பதுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கட்டம் போட்ட தாளில் கோடாக இழுத்துப் பார்த்தேன். வெந்நீரிலிருந்து எடுத்த தெர்மாமீட்டர் எப்படி ஆறுமோ, அதே வளைவு. முதலில் சரசரவென்று, அப்புறம் மெள்ள மெள்ள. மாமியார் இல்லாத எண்கள் எப்படி அண்ணி இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்கின்றன?

மேசையில் இருந்த பெட்டிகளும் இறங்கிக்கொண்டிருக்கின்றன. மேலாளர் முகம் மறுபடி தெரிய ஆரம்பித்துவிட்டது. எல்லாவற்றிலும் நஷ்டம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

உங்கள் கொழுந்தன்


பிப்ரவரி 16

தம்பிக்கு,

போனதற்கு மகிழ்ச்சி. "சரி, அப்புறம்?" என்ற இடத்தில் நானும் சிரித்தேன். அவள் மாறவே இல்லை.

உங்கள் மாமியார் வரிசை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வரிசையின் உச்சியில் கடைசியாக யார் உட்கார்ந்திருக்கிறாள் என்று யோசித்தீர்களா? உருகுகிற பனிக்கட்டி, கொதிக்கிற தண்ணீர், அந்த மாதிரி ஏதாவது ஒன்று. உங்களுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. பனிக்கட்டி வெட்கப்படாது. யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் கொஞ்சம் சீக்கிரமாக உருகி நல்ல பெயர் எடுக்க நினைக்காது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து தொட்டியில் உட்காராது. என் தடுப்பறைக்குள் வந்து உட்காருகிற பனிக்கட்டிகள் எல்லாம் இத்தனையும் செய்யும். அதனால்தான் நிறையப் பேரைப் பார்க்கிறோம், பாதிப் பேருக்கு ஒன்றைச் செய்து பாதிப் பேருக்குச் செய்யாமல் பார்க்கிறோம், முடிவு வந்த பிறகு வேறு யாராவது மறுபடி செய்து பார்க்கட்டும் என்று விடுகிறோம். எங்களுக்கு மாமியார் அந்த மறுபடிதான்.

இதை எழுதும்போதே கை நிற்கிறது. உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அண்ணனிடம் சொன்னேன், "முதல்ல சாப்பிடு, அப்புறம் கவலைப்படு" என்றார். அவருடைய எல்லா ஆலோசனையும் சாப்பாட்டில்தான் தொடங்கும்.

எனக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. இரவுப் பணி முடித்த நர்சுகளுக்குச் சொற்களைக் காட்டி, பிறகு எவை நினைவிருக்கின்றன என்று கேட்டேன். களைத்திருப்பவர்கள் தவறான விடையைத்தான் அதிக உறுதியோடு சொல்கிறார்கள் என்று வந்தது. பாடப்புத்தகம் ஒன்றில் கூட அரைப் பக்கம் இருக்கிறது. இப்போது என்னுடைய மாணவிகள் இருவர் அதையே முன்னைவிடப் பல மடங்கு ஆட்களோடு செய்தார்கள். வித்தியாசமே இல்லை. களைத்தவர்களும் களைக்காதவர்களும் ஒரே மாதிரி உறுதியாகத் தப்புச் செய்கிறார்கள். பயந்துகொண்டே தாளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "மேடம், நாங்கதான் எங்கேயோ சொதப்பிட்டோம்னு நினைக்கிறோம்" என்றாள் ஒருத்தி. சொதப்பவில்லை. நான் கணக்கைத் திரும்பப் போட்டேன். இன்னொரு தடவை போட்டேன். மூன்றாவது தடவை பேனாவை எடுத்தபோது உங்கள் பூட்டு நினைவுக்கு வந்தது. எழுந்து போய் டீ போட்டுக் குடித்தேன்.

மார்ச்சில் கல்விக் குழு. அங்கே எழுந்து நின்று, என் துறை அறிவியல்தான் என்று சொல்ல வேண்டும். சாட்சிக்கு என் கையில் இருந்த பெரிய ஆராய்ச்சி இதுதான். இதைச் சொன்னால் அறை போகும். சொல்லாவிட்டால் அந்த அறையில் உட்கார எனக்கு மனசு வராது. நான் இப்போது மிகவும் களைத்திருக்கிறேன், எதிலும் உறுதி இல்லை. என் பழைய முடிவுக்கு எதிராக இதையே ஒரு சாட்சியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

உங்கள் கிராஃபை யாருக்கும் அனுப்ப வேண்டாம். உங்கள் கை பரபரக்கும் என்று தெரியும். ஒரே ஓர் ஆள், அதுவும் என் கொழுந்தன். அது ஆதாரம் இல்லை, குடும்ப விவகாரம்.

அண்ணி


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

திட்டு வாங்குவதை முதலில் முடித்துக்கொள்கிறேன். கிராஃபை உங்கள் முதல்வருக்கு அனுப்பிவிட்டேன். உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே அனுப்பிவிட்டதாக எழுதலாம் என்று பார்த்தேன். பொய். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மறுநாள்தான் அனுப்பினேன். கூடவே ஒரு கடிதம். 'தங்களைச் சிரிக்க வைத்த அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், தாங்கள் சிரித்த சிரிப்பையும் திருப்பித் தர முடியுமானால் நல்லது' என்று எழுதினேன். வீட்டுக்காரி படித்துப் பார்த்து, "மன்னிப்புக் கேட்டதா, வம்புக்கு இழுத்ததா?" என்றாள். இரண்டையும் ஒரே தபால்தலையில் முடித்துக்கொண்டேன்.

அந்த நர்சுகள் விவகாரத்தைக் கூட்டத்தில் சொல்லாதீர்கள் அண்ணி. பொய் சொல்லச் சொல்லவில்லை. பேசாமல் இருங்கள் என்றுதான் சொல்கிறேன். கூட்டம் முடியட்டும், அறை உறுதியாகட்டும், அப்புறம் ஊரைக் கூட்டிச் சொல்லுங்கள். வேதியியல்காரர்கள் தங்கள் குடுவை உடைந்த கதையையெல்லாம் கூட்டத்தில் வந்து ஒப்பிக்கிறார்களா? உங்கள் தலையில் நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வானேன்?

இதை எழுதிவிட்டு வேலைக்குப் போனேன். போன இடத்தில் ஒரு கூத்து. மாமியார் பெரிய ஆய்வகத்துக்குப் போயிருந்தாள், திரும்பி வந்துவிட்டாள். கூடவே ஒரு தாள். கொஞ்சம் அதிகமாகக் காட்டுகிறாளாம், இவ்வளவு கழித்துக்கொள்ளவும் என்று. மேலாளர் படித்தார், மாமியார் பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டினார், டீ குடிக்கப் போய்விட்டார். யாரும் ஆய்வகத்தை இழுத்து மூடவில்லை. இத்தனை நாள் பச்சைச் சீட்டு ஒட்டியதையெல்லாம் எடுத்து வைத்து, எது எது இன்னும் தேறும் என்று பார்த்தோம். இரண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, அனுப்பியதைத் திருப்பி அனுப்புங்கள் என்றோம். எனக்கு அசிங்கமாக இருந்தது. ஆனால் போன் போடாமல் இருக்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றக்கூட இல்லை.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது மேலே உங்களுக்கு எழுதிய அறிவுரை நினைவுக்கு வந்தது. அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே அனுப்புகிறேன், உங்களுக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். முட்டாள்தனத்தில் கூட நான் தாராளம்.

பூட்டு இப்போது இருபதுக்கு மேல் போவதில்லை.

உங்கள் கொழுந்தன்


மார்ச் 13

தம்பிக்கு,

நேற்றுக் கூட்டம் முடிந்தது. வீட்டுக்கு வந்து படுத்தவள் இப்போதுதான் எழுந்தேன்.

நர்சுகள் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன். "எனக்குப் பேர் வாங்கிக்குடுத்த ஆராய்ச்சி தப்புன்னு இந்த வருஷம் தெரிய வந்தது, கண்டுபிடிச்சது என் மாணவிகள், இந்த மூணாம் மாடி ரூம்லதான் கண்டுபிடிச்சாங்க. ரூம் எதுக்குன்னு கேட்டா இதுக்குத்தான்" என்றேன். பெரிதாக ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒருவர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். இயற்பியல்காரர் மட்டும், "அப்ப அந்த அரைப் பக்கத்தைப் பாடப்புத்தகத்துலேர்ந்து எடுத்துருவாங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். வேதியியல் அம்மா, "தப்புன்னு கண்டுபிடிக்க ரூம் குடுக்கறதா இருந்தா, எங்களுக்கு ரெண்டு கட்டடம் வேணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

அறை போனது என்றுதான் நினைத்தேன். அப்போது முதல்வர் கோப்பிலிருந்து உங்கள் கிராஃபை எடுத்தார்.

தம்பி, அதை அவர் எவ்வளவு அழகாகக் காட்டினார் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தார். சிரிப்பைத் திருப்பிக் கேட்ட வரியில் அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "கைரேகைன்னு சொன்னவரே, அளக்கறதையே தொழிலா வச்சிருக்கறவரே, அளந்து பார்த்துட்டு மாறிட்டாரு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். தாள் மேசையைச் சுற்றி வந்தது. வேதியியல் அம்மா அந்த வளைவைப் பார்த்துவிட்டு, "இது ஆறிப்போற கோடு மாதிரியே இருக்கே" என்றார். நான் எழுந்து, இது ஒரே ஓர் ஆள், ஒப்பிட இன்னொருவர் இல்லை, என் துறையே வேறு, இதை ஆதாரமாக எடுக்க வேண்டாம் என்றேன். "மேடம், தன்னடக்கம் போதும், உக்காருங்க" என்றார் முதல்வர்.

அறை எனக்கே. அறிவியல் கட்டடத்திலேயே இருக்கலாம்.

இரண்டு மாணவிகளின் ஒரு வருட உழைப்பு ஜன்னல் சாத்துகிற நேரம் கூட அந்த மேசையில் நிற்கவில்லை. உங்கள் ஒரு தாள் போதுமானதாக இருந்தது. இனி அந்த அறையில் உட்கார்ந்து, ஒரே ஓர் ஆளின் கிராஃபை நம்பாதீர்கள் என்று நான் பாடம் நடத்த வேண்டும். மாணவிகள் கேட்டார்கள், "மேடம், அப்ப நம்ம பாடம் அறிவியலா இல்லையா, என்னதான் முடிவாச்சு?" "ரூம் முடிவாச்சு" என்றேன்.

இன்னும் ஒன்று. கல்லூரி ஆண்டறிக்கையில் உங்கள் கிராஃபைப் போடப்போகிறார்களாம். எண்கள் நம்பத்தக்கவை, வேறு காரணம் எதுவும் குறுக்கிடவில்லை என்று துறைத்தலைவர் என்ற முறையில் நான் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். அங்கேயே உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். நீங்கள் எதில் வேண்டுமானாலும் விளையாடுவீர்கள், எண்ணில் விளையாட மாட்டீர்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். என் வாழ்க்கையிலேயே ஆளைப் பார்த்துப் போட்ட கையெழுத்து இது ஒன்றுதான்.

இனி போன் செய்யலாம். எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், தூங்குவேன்.

அண்ணி


மார்ச் 21

அன்புள்ள அண்ணிக்கு,

போன் செய்யலாம் என்று எழுதியிருந்தீர்கள். கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். எழுதியே பழகிவிட்டது. எழுதும்போது என் முகம் உங்களுக்குத் தெரியாது என்பதும் ஒரு வசதி.

அறை கிடைத்ததைக் கேட்டு வீட்டுக்காரி அண்ணனிடம் போனில் ஒரு மணி நேரம் பேசினாள். அதில் அறையைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்திருக்கும். என் மேசையில் இப்போது ஒரு பெட்டி கூட இல்லை. மேலாளர் என்னைப் பாராட்டினார். எதற்கு என்று கேட்டேன், "முன்னே மாதிரி ஆயிட்டீங்க" என்றார். பாராட்டுக் கூட அந்த அளவில்தான் கிடைக்கிறது. உங்கள் தோழியிடம் கடைசியாகப் போனபோது, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கிளம்பும்போது ஒரு ஜோக் சொன்னேன். "இது பரவாயில்லை" என்றார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் இதைத்தான் பத்திரமாக வைத்துக்கொள்ளப் போகிறேன்.

நானும் எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன் அண்ணி. உங்கள் பாடம் அறிவியலா என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன். காரணம் கேட்டால் நர்சுகளைச் சொல்வேன், என் கிராஃபைச் சொல்ல மாட்டேன். நம்புங்கள். என் கிராஃப் ஆண்டறிக்கையில் வருவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அச்சுக்குப் போய்விட்டதா? போகவில்லையென்றால் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா? தன்னடக்கம் இல்லை.

தை பிறந்த பிறகுதான், தேதி எனக்குச் சரியாக நினைவில்லை, உங்கள் தோழியிடம் முதன்முதலாகப் போனதற்கு ஒரு வாரம் முன்பு இருக்கும். தெருமுனை டாக்டரிடம் காட்டினேன். கை லேசாக நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று. ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். "படபடப்பு, பதற்றம் எல்லாம் அடங்கிடும்" என்றார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, அந்த எண்களை எழுதிய நாளெல்லாம். மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று உங்கள் தோழி முதல் நாளே கேட்டார். நான் மருந்து சாப்பிடுகிற ஆள் இல்லை மேடம் என்றேன். அவ்வளவு சின்ன மாத்திரை, கணக்கில் சேராது என்று நினைத்தேன்.

நேற்று ராத்திரியோடு தீர்ந்துவிட்டது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு, அப்படியே மருந்துக் கடைக்கும் போய்விட்டு வர வேண்டும்.

உங்கள் கொழுந்தன்